எர்த் பிட் அளக்கும் அப்பாவுக்கு

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். "முப்பது வருஷமா வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். பிஎஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிற என் பொண்ணு, மண்ணுக்குள்ளே கரண்ட் விட்டு இங்கிலாந்துல பழங்கால வீடு தேடுற படிப்பு படிக்கணும்ங்கிறா. இது படிப்பா, விளையாட்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படிப்பின் முதல் கருவி இப்போது உங்கள் வண்டியில்தான் கிடக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

எர்த் மெக்கரைத்தான் சொல்கிறேன். 1946-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றங்கரை டார்செஸ்டரில், ரிச்சர்ட் அட்கின்சன் என்ற தொல்லியலாளர் எர்த்திங் சோதிக்கும் மெக்கர் கருவியையே வயலுக்குக் கொண்டுபோனார். சரளை மண்ணுக்குள் மூடிக்கிடந்த பழைய அகழிகள் எங்கே ஓடுகின்றன என்று அதை வைத்தே பார்த்தார். பிரிட்டனில் தொல்லியலுக்கு மின்தடை ஆய்வு வந்தது இப்படித்தான்.

கருவி என்ன பார்க்கிறது என்று உங்களுக்கு விளக்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் எர்த் பிட்டை அளந்தால் ஓம் ஏறியிருக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். உப்பும் கரியும் போடுவது எதற்கு? ஈரம் நிற்கவும், கரண்ட் எளிதாகப் போகவும். வயலிலும் அதே கதைதான். ஆயிரம் வருடத்துக்கு முன் வெட்டித் தூர்ந்துபோன பள்ளத்தில் மண் பொலபொலவென்று இருக்கும், ஈரம் தங்கும், ரீடிங் குறையும். கல் அஸ்திவாரம் இருந்தால் ஈரம் இருக்காது, ரீடிங் கூடும். வயலை 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்து, மீட்டருக்கு ஒரு ரீடிங் எடுத்தால் ஒரு கட்டத்துக்கு 400 ரீடிங். அதைக் கருப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் மண்ணுக்குள் இருப்பது மங்கலாகத் தெரியும். இப்போது இரண்டு கம்பிகளை அரை மீட்டர் இடைவெளியில் ஒரு சட்டத்தில் பொருத்தி, நடந்துகொண்டே குத்தி எடுக்கிறார்கள். மற்ற இரண்டு கம்பிகள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி ஓரிடத்தில் நட்டபடி இருக்கும், நீளமான வயர் இரண்டையும் இணைக்கும்.

இதே ஈர வித்தியாசத்தைப் பயிரும் படம் போட்டுக் காட்டும். வறண்ட கோடையில் பள்ளத்துக்கு மேலே நிற்கும் பயிர் மட்டும் பச்சையாக இருக்கும். 1949-இல் செயின்ட் ஜோசப் என்பவர் விமானத்திலிருந்து அப்படி எடுத்த படத்தில்தான் வடக்கே நார்தம்பர்லாந்தில் யெவரிங் என்ற இடம் வெளிப்பட்டது. பிரையன் ஹோப்-டெய்லர் 1952 முதல் பல ஆண்டுகள் தோண்டினார். கிடைத்தது ஏழாம் நூற்றாண்டு நார்தம்ப்ரிய அரசர்களின் மர மாளிகைகள். பாலினஸ் என்ற பாதிரியார் அங்கே 36 நாள் தங்கி, பக்கத்து கிளென் ஆற்றில் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார்.

மர மாளிகை என்றேன் அல்லவா, இனி உங்கள் பெண் உங்களிடம் சொல்லாமல் விட்ட சங்கதி. ஒருவேளை அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

ரோமர்கள் போன பிறகு, ஐந்தாம் நூற்றாண்டு முதல் 1066 வரை இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலோ-சாக்ஸன் மக்கள் பெரும்பாலும் மரத்திலும் மண்பூச்சிலும் கூரை வேய்ந்துதான் வீடு கட்டினார்கள். ரோமர் வீடு என்றால் கல் சுவர், படத்தில் பளிச்சென்று விழும். மர வீட்டில் என்ன மிஞ்சும்? தூண் நட்ட குழிகள், பலகை இறக்கிய வாய்க்கால்கள், அவ்வளவுதான். ஒரு முழம் அகலமுள்ள குழி, மீட்டருக்கு ஒன்று என்று எடுக்கும் ரீடிங்கில் அகப்படாமல் தப்பிவிடும். அரை மீட்டருக்கு ஒன்று எடுக்கலாம் என்றால் 400 ரீடிங் 1600 ஆகிவிடும். அப்போதும் உறுதியில்லை. தேவாலயம் கொஞ்சம் வேறு. 674-இல் வேர்மவுத்தில் மடம் கட்ட பெனடிக்ட் பிஸ்காப் என்ற துறவி கடல் கடந்து, இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டிலிருந்து கொத்தனார்களை அழைத்துவந்தார். அப்படிப்பட்ட கல் கட்டடத்தைத் தேட மின்தடை ஆய்வு நன்றாக உதவும். தரையைத் தோண்டிப் பள்ளத்தின் மேல் எழுப்பிய சிறு குடில்களும் நிறைய உண்டு. அந்தப் பள்ளத்தைப் பின்னால் சாம்பலும் குப்பையும் கலந்த மண் மூடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, மண்ணின் காந்தப்புல வித்தியாசத்தை அளக்கும் காந்தமானிதான் கெட்டிக்காரக் கருவி.

சஃபோக் பகுதியின் ரெண்டில்ஷாமைப் பாருங்கள். 2008 முதல் பல வருடம் வயல்களை மெட்டல் டிடெக்டரால் ஒழுங்காகச் சலித்தார்கள், காந்தமானி வைத்து நடந்தார்கள், வான்படங்களைப் பார்த்தார்கள். பிறகு 2022-இல் தோண்டியபோது 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் 1,400 வருடப் பழைய அரச மண்டபம் ஒன்றின் அடித்தடம் தெரிந்தது. ஒரே கருவியை நம்பி உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால் உங்கள் பெண்ணிடம் நான் முதலில் கேட்க நினைப்பது, 'உனக்கு ஆங்கிலோ-சாக்ஸன் வீடு பிடிக்குமா, மண்ணை அளப்பது பிடிக்குமா?' என்பதைத்தான். வீடு மட்டும்தான் பிடிக்கும் என்றால், அவள் படிக்க வேண்டியது வரலாறு. மண்ணை அளப்பதுதான் பிடிக்கும் என்றால் நாம் மேலே பேசலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் தோட்டத்தில் போர் போட ஒருவர் இதே ரெசிஸ்டிவிட்டி கருவியோடு வந்து நீரோட்டம் பார்த்தார். ரீடிங் எல்லாம் சரியாகத்தான் எடுத்தார். குறித்துக் கொடுத்த இடத்தில் புழுதிதான் வந்தது. பிறகு அந்தத் தாளை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். ரீடிங் குறைந்தது களிமண்ணால், தண்ணீரால் இல்லை என்றார் அவர். ரீடிங் எடுக்க ஒரு மாதம் பழகினால் போதும். அதைப் படிக்கத்தான் பல வருடம் ஆகும், சம்பளம் கொடுப்பதும் அதற்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கிலாந்தில் இந்த வேலை உண்டா என்றால், உண்டு. 1990-இல் வந்த திட்ட அனுமதி விதிகளுக்குப் பிறகு, வீட்டுமனையோ சாலையோ போடுகிறவர்தான் நிலத்துக்குள் தொல்லியல் தடயம் இருக்கிறதா என்று தன் செலவில் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இதற்கென்றே தனியார் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஆனால் தினசரி வேலை அரச மண்டபம் தேடுவதல்ல. மழையிலும் சேற்றிலும் வேலி தாண்டி, யாரோ வீடு கட்டப்போகும் வயலில் நாள் முழுக்க நடப்பது. பல நாள் ஒன்றுமே தெரியாது, அந்த ஒன்றுமில்லை என்பதையும் ஒழுங்காக அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். "பொம்பளப் பிள்ளை வெயில் மழையில அலையணுமே" என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தக் கவலை வேண்டாம். நான் கவலைப்படுவது பணத்தைப் பற்றி.

ஓராண்டு முதுகலைக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 30 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். படித்து முடித்தவர்களுக்கு அங்கே தங்கி வேலை தேடக் கொடுக்கும் விசா இதுவரை 2 வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகு வேலை விசா வேண்டும் என்றால் அரசு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் கேட்கிறது. தொல்லியலில் தொடக்கச் சம்பளம் அதை எட்டுவது கஷ்டம், அந்த நாட்டுக்காரர்களே இந்தத் துறையில் சம்பளம் போதவில்லை என்று புலம்புகிறார்கள். வீட்டை அடமானம் வைத்து இந்த வருடமே அனுப்பாதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வதைக் கேட்காமல் பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன செய்வது? முதலில் இங்கேயே புவி இயற்பியலில் முதுகலை. ஜாம் (JAM) என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில், குறிப்பாக தன்பாத், காரக்பூர், மும்பையில் வழி உண்டு. உஸ்மானியா, ஆந்திரா பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது. அதை முடித்தவள் யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஜியோபிசிசிஸ்ட் ஆகலாம். பிசிக்ஸ் முதுகலையே அந்தப் பணிக்குத் தகுதிதான் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். நிலத்தடி நீர், சுரங்கம், அணை, மெட்ரோ சுரங்கப்பாதை என்று தனியார் பக்கமும் இதே நான்கு கம்பிதான். இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகும் இங்கிலாந்து ஆசை இருந்தால் பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது இரண்டு வருட வேலை அனுபவத்துக்கு நிகரான 2,800 மணி நேரம் கேட்கும். கிடைத்தால் கடன் இல்லாமல் போகலாம். கிடைக்காவிட்டாலும் கையில் தொழில் இருக்கும்.

விண்ணப்பம், கடன் எதுவும் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மெக்கர் நான்கு முனை உள்ளதாக இருந்தால் போதும். ஊரில் தூர்ந்துபோய் மூடிய கிணறு ஒன்று இருக்கும் அல்லவா? கரண்ட் கேபிள் ஓடாத இடமாகப் பார்த்து, அதன் குறுக்கே 20 மீட்டர் கயிறு பிடியுங்கள். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043-இல் மண்ணை அளக்கச் சொன்னபடியே நான்கு கம்பிகளை மீட்டருக்கு ஒன்றாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமல் நட்டு, வெளிக்கம்பிகளில் கரண்ட், உள்கம்பிகளில் வோல்டேஜ் என்று இணைத்து ரீடிங் எடுங்கள். அதை 6.28-ஆல் பெருக்கினால் ஓம்-மீட்டர் கிடைக்கும். நான்கையும் ஒரு மீட்டர் நகர்த்தி மறுபடி எடுங்கள். கயிறு முடியும்வரை இப்படியே. கம்பி நடுவது நீங்கள், நோட்டில் குறித்து கிராஃப் தாளில் வரைவது அவள். ஒரு நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து அதே கோட்டில் இன்னொரு முறை எடுங்கள். கிணறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, இரண்டு கிராஃபும் ஏன் வேறாக இருக்கின்றன என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் அந்த ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள்.