காரைக்குடிப் பக்கம் காலி மனையில் காய்கறி விதை போட்டால் முளைப்பதே இல்லை. எப்படித்தான் விதைப்பது?

கீரை, தக்காளி, வெண்டை மூன்றும் போட்டதாகவும், வெண்டை மட்டும் நாலைந்து தலைகாட்டியதாகவும், கடையில் பழைய விதையைத் தள்ளிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் போனவன்.

எனக்கு ஊர் பள்ளத்தூர். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு, முகப்பு இந்தத் தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். பக்கத்து மனையும் அவர்களுடையதுதான். கிணறு உண்டு. மற்றபடி முழங்கால் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். "முள்ளு மண்டாமப் பாத்துக்கிட்டாப் போதும், காய் வேணுங்கறவுக போட்டுக்கங்க" என்று அந்த வீட்டு ஆச்சி சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வீட்டார் சேர்ந்து முள்ளை வெட்டி, உடைந்த ஓடுகளை வரப்பாக நட்டு ஆளுக்கொரு பங்கு பிரித்தோம். என் பங்கு பத்துக்கு இருபது அடி.

முதல் வருடம் ஆடிப் பதினெட்டு அன்று விதைத்தேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று படித்த பிள்ளை அல்லவா. மண்ணைக் கொத்தி, குப்பை எரு தூவி, விதையைப் போட்டு, மேலே அதே மண்ணைத் தள்ளி மூடி, வாளியால் தண்ணீரும் ஊற்றினேன். பன்னிரண்டு நாளில் வந்தது மூன்று வெண்டை. நேரே விதைக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதே டப்பாவிலிருந்து வெண்டை விதை இருபதை எண்ணி, ஈரத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். "காயவிடாம வச்சிருங்க, அஞ்சு நாள் கழிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டு வந்து பேசுங்க." ஐந்தாம் நாள் பிரித்தேன். பதினேழு முளை விட்டிருந்தது. அந்தக் கடைப் பக்கம் போகாமல் ஒரு மாதம் சுற்றுவழியில் போனேன்.

பிறகு பாத்தியில் குனிந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கீரை போட்ட இடத்தில் மேல்மண் காய்ந்து, அப்பளம் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பாளத்தை நகத்தால் நெம்பித் தூக்கினேன். அடியில் கீரை முளைகள் கிடந்தன, நூல் கனத்தில், வெளிறிப்போய், தலை வளைந்து, மேலே வர வழியில்லாமல் பாளத்தின் அடிப்பக்கமாகவே ஒன்றிரண்டு அங்குலம் பக்கவாட்டில் ஊர்ந்திருந்தன. சில அப்படியே கருகியிருந்தன. அத்தனை விதையும் முளைத்துத்தான் இருக்கிறது. கூரை திறக்கவில்லை.

இதற்குப் பெயர் பொருக்கு. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் அதிகம், மட்கு குறைவு. தண்ணீர் வேகமாக விழுந்தால் மண் உருண்டை உடைந்து குழைந்து, நுண்துகள் துவாரங்களை அடைத்துவிடும். வெயில் பட்டதும் அது ஓடாக இறுகும். அடியில் கிடக்கிற செம்புறாங்கல்லைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று 1807-ல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் அங்காடிப்புரத்தில் ஜனங்கள் அதைச் செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்து, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்தே பெயரை எடுத்தார். செங்கல்லுக்குச் சொந்தக்காரனான மண்ணில் கீரை விதை போட்டு, மேலே அதே மண்ணைப் பூசி, வாளித் தண்ணீரால் குழைத்தும் விட்டால் அது வேறென்ன செய்யும்?

வழி சொன்னது அடுத்த பாத்திக்கார அக்கா. மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் முளைப்பாரி போடுகிறவர். நான் பாளத்தைப் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஏந் தம்பி, முளைப்பாரிக்கு மேல செம்மண்ணையா போடுறோம்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் விவசாயம் திருந்திவிட்டது.

முளைப்பாரியில் என்ன செய்கிறார்கள்? சட்டியில் அடியில் வைக்கோல், அதன்மேல் காய்ந்த எருவைப் பொடித்துச் சலித்த தூள், ஊறவைத்த தானியம், மேலே மறுபடி எருத்தூள். தண்ணீரைக் கையால் தெளிப்பார்கள். எட்டு, ஒன்பது நாளில் முழங்கை உயரத்துக்கு வந்து நிற்கும். இருட்டு அறையில் வைப்பதால் அது மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்வது. நமக்கு அந்த இருட்டு மட்டும் வேண்டாம். மற்றதெல்லாம் அப்படியே பாத்திக்குப் பொருந்தும்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். பாத்தியைக் கொத்தி, பத்துக்குப் பத்து அடிக்கு இரண்டு சாக்கு மட்கிய தொழு உரம் கலக்கிறேன். மட்காத சாணத்தைப் போடாதீர்கள், வேர்ப்புழுவும் களையும் சேர்ந்து வரும். விதையைப் போட்ட பிறகு தோண்டிய மண்ணால் மூடுவதே இல்லை. சலித்த எருத்தூளும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு கூடையில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துத்தான் மூடுவது. எருவுக்குப் பதில் தென்னைநார்த் தூளும் ஆகும். மேலே மெல்லிசாக வைக்கோல் பரப்பி, பூவாளியால் காலை மாலை நனைக்கிறேன். முளை தெரிந்த அன்று சாயங்காலமே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் சோம்பல் பட்டாலும் நாற்று வெளிச்சம் தேடி நீண்டு, காலில்லாமல் சாயும்.

எவ்வளவு ஆழம் என்றால், விதை எவ்வளவு தடிமனோ அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் ஒரு தடவு தடவினால் போதும், புதைக்கவே வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். வெண்டை, கொத்தவரைக்கு இரண்டு. பாகல், புடல், பீர்க்குக்கு விரலின் முதல் கணு வரை. வெண்டையையும் பாகலையும் முதல் நாள் இரவே ஊறப்போட்டு விடுங்கள், தோல் கெட்டி. பாகலுக்கு மட்டும் நான் ஊறியதை ஈரத் துணியில் முடிந்து, முளை எட்டிப் பார்த்த பிறகு குழிக்குக் கொண்டுபோகிறேன்.

குழிக்கு ஒரு விதை என்று கணக்குப் பார்க்காதீர்கள். வெண்டைக்கு மூன்று, கொடிகளுக்கு நாலைந்து. முளைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒற்றை முளையால் தூக்க முடியாத பொருக்கை மூன்று முளை ஒரே இடத்தில் முட்டினால் தூக்கிவிடும். பொருக்குத் தட்டும் மண்ணுக்கு வேளாண் துறைக்காரர்கள் சொல்லும் யோசனைகளில் இதுவும் ஒன்று. வந்த பிறகு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளி எறியலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

தக்காளி, கத்தரி, மிளகாயை நேரே பாத்தியில் போடுவதை விட்டுவிட்டேன். அடி ஓட்டையான பழைய எனாமல் பேசின் ஒன்றில் நாற்று விடுகிறேன். (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தப் பேசினுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று வீட்டில் இன்னும் ஒரு தரப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.) விதைக்கும் முன் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளில் விதையைப் புரட்டிக்கொள்வேன், கிலோவுக்கு 10 கிராம் என்பது கணக்கு, நம் சிட்டிகை விதைக்கு ஒட்டிக்கொள்ளும் அளவு போதும். நாற்றழுகல் குறையும். தண்ணீர் தேங்கினால் எந்தத் தூளும் காப்பாற்றாது, அதற்குத்தான் ஓட்டைப் பேசின். தக்காளி, கத்தரி 25, 30 நாளில் நடவுக்கு வரும். மிளகாய்க்கு 40 நாள் ஆகும்.

இனி மாதம். ஆடிப்பட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நம் பக்கத்தில் ஆடி என்றால் காற்று. காலையில் நனைத்த மண் பத்து மணிக்குப் பொருக்காகிவிடும். கிணற்றுத் தண்ணீரும், இரண்டு வேளை நனைக்க ஆளும் இருந்தால் ஆடியில் விதையுங்கள். அவரைக்கு மட்டும் ஆடியை விடவே கூடாது. நாட்டுக் கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தையில் காய் கொட்டும். தையில் போட்ட ஒருவர் எங்கள் மனையிலேயே இருக்கிறார். பந்தல் நிறைய இலையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்.

ஐப்பசியில் கீரை விதைக்காதீர்கள். அடைமழையில் விதை முழுக்க வரப்போரம் போய் ஒதுங்கி, அங்கே புல் மாதிரி முளைக்கும். மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் முள்ளங்கியும் தக்காளி நாற்றும். அந்த முள்ளங்கி மூன்று நாலு நாளில் முளைத்துவிடும், புதிதாக ஆரம்பிப்பவர் மனசுக்கு நல்லது. தை பிறந்ததும் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, கீரை. கார்த்திகையில் நட்ட தக்காளி மாசி, பங்குனியில் பழுத்துக் கொண்டிருக்கும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குத் தக்காளி காணிக்கை செலுத்தும் காலமும் அதுதான். எங்கள் பாத்தியின் முதல் கூடை அங்கேதான் போகிறது, அக்காவின் உத்தரவு.

இரண்டு திருடர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஒன்று எறும்பு. கீரை விதையை ஒரே இரவில் வரிசை கட்டி எடுத்துப்போகும். மருந்து போட வேண்டியதில்லை. பாத்திக்கு வெளியே, எறும்புப் புற்றுக்குப் பக்கமாக ஒரு கைப்பிடி நொய் அரிசியைத் தூவுங்கள். நொய்யை இழுத்து முடிப்பதற்குள் நம் விதை முளைத்துவிடும். இன்னொன்று மயில். முருகன் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே திட்டுகிற ஊர் எங்களுடையது. நாற்று இரண்டு இலை விட்டதும் கொத்திப் பிடுங்கிப் போட்டுவிடும். வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள்ளை அப்படியே பாத்தியின் மேல் படலாகச் சாத்திவிட்டோம். அந்த மரத்தால் கண்ட ஒரே லாபம் அது. நாற்று ஒரு சாண் வளர்ந்த பிறகு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிடலாம்.

மிளகாய் பத்துப் பன்னிரண்டு நாள் வரை சும்மா இருக்கும். கிளறிப் பார்க்காதீர்கள். நான் கிளறினேன். முளைத்துக்கொண்டிருந்த இரண்டை விரலாலேயே ஒடித்தேன்.

உங்களிடம் மிச்சமிருக்கும் பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். வெண்டையில் இருபது எண்ணி ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு வெண்டைக்கு 65 விழுக்காடு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, மிளகாய்க்கு 60. இருபதுக்குப் பதின்மூன்றுக்குக் குறையாமல் முளைத்தால் கோளாறு மேல்மண்ணில். சல்லடையை எடுத்து எருவைச் சலியுங்கள். குறைந்தால் தாராளமாகக் கடைக்குப் போகலாம், அந்தத் துணியையும் கையோடு எடுத்துக்கொண்டு.