சென்னையில் ஷூட்டிங்: பாலக்காட்டு எல்லையிலிருந்து கிளம்பும் சின்ன யூனிட் எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நண்பர்கள் சேர்ந்து சில குறும்படங்கள் எடுத்திருக்கிறோம். அடுத்து ஒரு வெப் தொடரின் முதல் பகுதி. கதை முழுக்கச் சென்னையில் நடக்கிறது. கையில் பெரிய பணம் இல்லை. ஷூட்டிங்கை எப்படித் திட்டமிடுவது?

நானும் உங்கள் பக்கத்து ஆள்தான், வேலந்தாவளம். வருடத்தில் பாதி சென்னை சாலிகிராமத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் வேலை, மீதி ஊரில். அதனால் இரண்டு இடத்துக் கணக்கும் ஓரளவு தெரியும்.

முதல் வேலை பட்ஜெட் போடுவது இல்லை. ஸ்கிரிப்டை எடுத்து ஒவ்வொரு காட்சியிலும் சென்னை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கதை அங்கே நடக்கிறது என்பதற்காக கேமராவும் அங்கேதான் போக வேண்டும் என்று சட்டமில்லை. வாடகை வீட்டுச் சமையலறையில் நடக்கும் சண்டை, ஆஸ்பத்திரி அறை, ஆபீஸ் கேபின், ராத்திரி மொட்டை மாடி, இவற்றில் சென்னை எங்கே இருக்கிறது? எல்லாமே பொள்ளாச்சியில் முடியும். மெரினா, மின்சார ரயில், தி.நகர் கூட்டம் மாதிரி வேறெங்கும் கிடைக்காததை மட்டும் சென்னைக்கு எடுத்துப் போங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலேயே எடுக்காமல் ஏன் பொள்ளாச்சி என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் ஜன்னல் வழியாக ஒரு கருப்பு மஞ்சள் ஆட்டோ போனால் போதும், குட்டு உடைந்துவிடும். சென்னை ஆட்டோ முழு மஞ்சள். மலையாள போர்டு, கே.எல். நம்பர் பிளேட், கேரள அரசு பஸ், பின்னால் எட்டிப் பார்க்கும் தென்னந்தோப்பு என்று ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருக்க முடியாது. அதோடு கோயம்புத்தூரிலிருந்து ஜெனரேட்டர் வண்டியும் வேனும் வரவழைத்தால் வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எந்தச் செக்போஸ்ட் வழியாக வந்தாலும் பெர்மிட், வரி எல்லாம் பார்க்க வேண்டும். யூனிட் தமிழ்நாட்டுப் பக்கமே நிற்கட்டும், நீங்கள் பைக்கில் போய் வாருங்கள்.

சரி, சென்னை. அங்கே பணத்தைத் தின்பது வாடகை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். தின்பது ஷிப்டிங்தான். காலையில் வளசரவாக்கத்தில் ஒரு வீடு, மதியம் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஷெட்யூலில் எழுதுவது சுலபம். லைட்டை இறக்கி, கேபிள் சுற்றி, வண்டியில் ஏற்றி, டிராஃபிக்கில் ஊர்ந்து, அங்கே போய் மறுபடி விரிப்பதற்குள் வெயில் சாய்ந்திருக்கும். கால்ஷீட் நேரம், அதாவது அன்றைக்குப் பேசிவைத்த வேலை நேரம், தாண்டினால் எல்லோருக்கும் கூடுதல் பேட்டா (தினப்படி). அதனால் முதலில் ஒரு ஷூட்டிங் வீட்டை முடிவு செய்யுங்கள். அப்புறம் டீக்கடை, தெரு, பஸ் ஸ்டாப் எல்லாவற்றையும் அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் தேடுங்கள். லொகேஷன் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பதே நல்ல லொகேஷன். டைரக்டர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஷூட்டிங்குக்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. சீரியல்களில் தேய்ந்துபோன சுவர்கள்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். நம் ஊரில் தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் இடமும் கொடுத்து இளநீரும் வெட்டிக் கொடுப்பார். சென்னை அபார்ட்மென்டில் வீட்டுக்காரர் சரி என்றாலும் அசோசியேஷன் சரி என்று சொல்ல வேண்டும். அதை எழுதி வாங்குங்கள்.

கேமராவையும் லைட்டையும் வாடகைக்கு எடுத்தால் கூடவே ஆட்கள் வருவார்கள். கேமராவோடு ஒரு அசிஸ்டென்ட், லைட்டோடு லைட்மேன்கள், ஜெனரேட்டரோடு ஆபரேட்டர். வாடகை என்று சொல்லும் தொகையில் இவர்களின் பேட்டா, போக்குவரத்து, சாப்பாடு பெரும்பாலும் சேராது. குறும்பட ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். தொழிலாளர் சங்கங்கள் பெப்சி என்கிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் கீழ் வருகின்றன. எந்த வேலைக்குச் சங்க ஆட்கள் வேண்டும், எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டில் பேச்சுவார்த்தை வேண்டாம்.

அனுமதி விஷயம் அலுப்பு, ஆனால் தப்பிக்க முடியாது. அரசு இடங்களுக்குச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநகராட்சிப் பூங்கா, தெரு என்றால் மாநகராட்சியும் போலீசும். ரயில் காட்சிக்குத் தெற்கு ரயில்வே. அதற்கு ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியைத் தயாராக வைத்திருங்கள். ட்ரோன் ஷாட் எழுதியிருந்தால் அடித்துவிடுவதே என் யோசனை. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்திலிருந்து 12 கி.மீ. வரை கட்டுப்பாடு உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து அளந்தால் நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

மழையை நம் ஊர்க் கணக்கில் பார்க்காதீர்கள். நமக்கு ஜூனில் தொடங்கும் மழை சென்னையில் பெரிதாகத் தெரியாது. நாம் துலா மழை என்று லேசாகச் சொல்வதுதான் அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளுத்து வாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தையே முடக்கியது. ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், யூனிட் ஊருக்குப் போய்விடும். வெளிச்சத்திலும் வித்தியாசம் உண்டு. நம்மைவிட அங்கே ஏறத்தாழ கால் மணி நேரம் முன்னதாக விடியும், அதே மாதிரி முன்னதாக இருட்டும். நவம்பர் கடைசியில் 5.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் பழக்கத்தில் சாயங்கால ஷாட்டை ஆறு மணிக்கு வைத்தால் கிடைப்பது இருட்டுதான்.

கதையில் ஆடு, மாடு நடிக்கிறதென்றால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ஒரு காலத்தில் அந்த அலுவலகம் சென்னையிலேயே இருந்தது, இப்போது ஹரியானாவில் பல்லப்கர். முடிந்தால் அந்தக் காட்சியை மாற்றி எழுதுங்கள்.

குழந்தை நடிகர் இருக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போட வேண்டும். சென்னை, கோவை என்று இரண்டு மாவட்டங்களில் எடுப்பதாக இருந்தால் எந்த ஆட்சியரிடம் விண்ணப்பிப்பது என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு குழந்தையின் தேதியை ஷெட்யூலில் எழுதுங்கள்.