சிட்னியில் ஏழு நாள், கூடவே பெற்றோரும் பத்து வயது மகளும்: எப்படித் திட்டமிடலாம்?

அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து சிட்னிக்கு முதல்முறையாக வருகிறீர்கள். உடன் எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா, பத்து வயது மகள். கையில் ஏழு நாள் இருக்கிறது. மெல்போர்னையும் கோல்ட் கோஸ்ட்டையும் அதிலேயே சேர்க்கலாமா, சிட்னியில் எதைக் கட்டாயம் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்க வேண்டாம். சாலை வழியே மெல்போர்ன் ஏறக்குறைய 880 கி.மீ., கோல்ட் கோஸ்ட்டும் 800-ஐத் தாண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்பார்கள். ஆனால் அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய்க் காத்திருந்து, இறங்கி மறுபடி அறைக்குள் நுழைவதற்குள் பகல் முடிந்துவிடும். இரண்டு ஊருக்கும் போனால் ஏழில் மூன்று நாள் பெட்டி தூக்குவதிலேயே கழியும். அப்பா, அம்மாவை அப்படி அலைக்கழிக்காதீர்கள். ஏழு நாளையும் சிட்னிக்கே கொடுங்கள், அதற்கு வேண்டிய அளவு இங்கே இருக்கிறது.

நான் சிட்னியின் மேற்குப் பகுதியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போது சுற்றிக் காட்டுவது என் வேலை. எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த ஊரைத் தண்ணீரிலிருந்து பாருங்கள். சிட்னித் துறைமுகம் ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்காக இருந்தது. கடல்மட்டம் உயர்ந்து அதை மூழ்கடித்ததில்தான் கரை இப்படி மடிந்து மடிந்து உள்ளே போகிறது. தரையில் வளைந்து சுற்றிப் போக வேண்டிய இடங்களுக்குப் படகு நேராகப் போய்விடும். காட்சியும் படகிலிருந்து பார்த்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். இதற்கெனத் தனியார் சொகுசுப் படகுச் சுற்று எதுவும் எடுக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் அரசுப் படகே போதும்.

சர்க்குலர் கீ என்ற படகுத்துறைதான் எல்லாவற்றுக்கும் நடுப்புள்ளி. ரயில், டிராம், படகு எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. ஒரு பக்கம் ஓபரா ஹவுஸ், மறுபக்கம் துறைமுகப் பாலம். அங்கிருந்து மேன்லிக்குப் போகும் எஃப்1 படகில் ஏறுங்கள். அரை மணி நேரப் பயணம். வெளித்தளத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஓபரா ஹவுஸின் முன்னால் கடப்பீர்கள், அப்புறம் கரையோர வீடுகள், சின்னச் சின்னக் குடாக்கள். பாதிக்கு மேல் போனதும் வலப்பக்கம் இரண்டு பாறைமுனைகளுக்கு நடுவே பசிபிக் பெருங்கடல் திறந்து கிடக்கும். அந்த இடத்தில் கடலலை நேராக உள்ளே வருவதால் படகு கொஞ்சம் ஆடும். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் அந்த ஐந்து நிமிடம் கீழ்த்தளத்தில் நடுவில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் மகள் அந்த ஆட்டத்துக்காகவே இன்னொரு முறை போகலாம் என்பாள்.

மேன்லியில் இறங்கி, கடைத்தெரு வழியே பத்து நிமிடத்துக்குள் நடந்தால் மறுபக்கக் கடற்கரை வந்துவிடும். கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஷெல்லி பீச்சுக்கு ஒரு நடைபாதை போகிறது. பெரும்பாலும் சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாகப் போகலாம். வழியில் ஃபேரி பவர் என்ற சிறிய கடல்நீர்க் குளம் இருக்கிறது. பாறையை ஒட்டிச் சுவர் கட்டிக் கடல்நீரைத் தேக்கியிருக்கிறார்கள், கட்டணம் இல்லை. அக்டோபரில் தண்ணீர் குளிரும், ஆனால் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. திரும்பும் படகை மாலை சூரியன் இறங்கும் நேரத்துக்குப் பிடியுங்கள். அந்தச் சமயம் இங்கே ஏழு மணிக்கு மேல்தான் இருட்டத் தொடங்கும்.

கடல் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்குள்ள கடற்கரைகளில் ரிப் எனப்படும் இழுநீரோட்டம் உண்டு. கரைக்கு வந்த அலைநீர் ஒரு கால்வாய்போல ஒடுங்கி, வேகமாகக் கடலுக்குத் திரும்பும் இடம் அது. அங்கே அலை உடையாது, தண்ணீர் அடர்நிறமாக அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த இளைஞர்கள் இதில் உயிரிழந்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் பகுதி அதுதான். கொடி இல்லாத கடற்கரையில் முழங்கால் ஆழத்துக்குக்கூடப் போக வேண்டாம். தப்பித் தவறி இழுத்துப் போனால் எதிர்த்து நீந்திச் சோர்ந்துபோகாமல் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும் என்பதை மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஓபரா ஹவுஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிவமைப்புப் போட்டியில் 1957-ல் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்தது. 70 லட்சம் டாலரில் முடியும் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. அரசோடு ஏற்பட்ட மோதலில் 1966-ல் உட்சன் பதவி விலகி ஊரைவிட்டே போனார். 1973-ல் திறப்பு விழா நடந்தது. 2008-ல் இறக்கும்வரை, முடிந்த கட்டடத்தை அவர் நேரில் வந்து பார்க்கவே இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இதை மகளிடம் சொல்லிவிட்டு அந்தக் கூரையின் அருகே கூட்டிப் போங்கள். தூரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிவது, கிட்டே போனால் பளபளப்பான வெள்ளை ஓடும் மங்கலான பால்நிற ஓடும் கலந்து பதித்ததாக இருக்கும். பத்து லட்சத்துக்கு மேல் ஓடுகள். உள்ளே வழிகாட்டியோடு சுற்ற ஆளுக்கு 40 டாலருக்கு மேல் ஆகும், படிகளும் நிறைய. நீங்களும் மகளும் போய்வாருங்கள். அப்பா, அம்மா அந்த நேரத்தில் பக்கத்திலேயே உள்ள அரச தாவரவியல் தோட்டத்தில் நிழலில் உட்காரலாம். 1816-ல் தொடங்கிய தோட்டம், நுழைவு இலவசம். அதன் மறுமுனையில் மிஸஸ் மெக்குவாரிஸ் சேர் என்ற பாறை இருக்கை இருக்கிறது. ஓபரா ஹவுஸும் பாலமும் ஒரே படத்தில் விழும் இடம் அதுதான்.

பாலத்தின் வளைவின்மேல் ஏறும் சுற்றுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது தேவையில்லை. ரயிலில் பாலத்தைத் தாண்டி மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி, கிழக்குப் பக்க நடைபாதையில் நகரத்தை நோக்கி நடந்து வாருங்கள். அரை மணி நேரம் ஆகும், காசு இல்லை, இடப்பக்கம் ஓபரா ஹவுஸ் கூடவே வரும். இரு முனையிலும் லிஃப்ட் இருக்கிறது. 1932-ல் திறந்த பாலம், வளைவு மட்டும் 503 மீட்டர். மில்சன்ஸ் பாயிண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிரிபில்லி என்ற பகுதி. அங்கே மக்டூகல் தெருவில் அக்டோபர் கடைசியிலிருந்து ஜகராண்டா மரங்கள் ஊதாப் பூக்களாய்க் கூரை வேய்ந்திருக்கும். உங்கள் தேதிக்கு அது பொருந்தி வருகிறது, விடாதீர்கள்.

புளூ மவுண்டன்ஸ் என்ற மலைப்பகுதிக்கு ஒரு முழு நாள் வேண்டும். சிட்னியின் முக்கிய ரயில் நிலையமான சென்ட்ரலிலிருந்து அங்குள்ள கட்டும்பா என்ற ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். நான் வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன். இங்கே பொதுப் போக்குவரத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கட்டண வரம்பு உண்டு. திங்கள் முதல் வியாழன்வரை பெரியவருக்கு 20 டாலருக்குள், வெள்ளி, சனி, ஞாயிறு அதில் பாதி. சனி ஞாயிறில் அடிக்கடி தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள், இரண்டு மணி நேரம் மூன்றாகிவிடும். வெள்ளியன்று போனால் பாதி வரம்பும் கிடைக்கும், ரயிலும் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். கட்டும்பா நிலையத்திலிருந்து எக்கோ பாயிண்டுக்குப் பேருந்து இருக்கிறது. மூன்று சகோதரிகள் எனப்படும் பாறைகளை அங்கிருந்து பார்க்கலாம். சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சீரான தளம். பள்ளத்தாக்கு முழுக்க யூகலிப்டஸ் காடு. அந்த இலைகள் காற்றில் விடும் எண்ணெய்த் துகள்களால்தான் மலை நீலப் புகையாகத் தெரிகிறது என்பார்கள். ஜயண்ட் ஸ்டேர்வே என்ற படிக்கட்டுப் பாதையில் பெற்றோரை இறக்க வேண்டாம், 900 படிக்கு மேல். மகளுக்காக அங்குள்ள சீனிக் வேர்ல்ட் என்ற சுற்றுலாத் தலத்தின் செங்குத்து ரயிலுக்குச் செலவு செய்யலாம். 52 டிகிரிச் சரிவில் இறங்கும் அந்த ரயிலின் பாதை முன்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போட்டது. மேலே சிட்னியைவிட நன்றாகக் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம்.

சனிக்கிழமை ஒரு கார் வாடகைக்கு எடுத்துத் தெற்கே போங்கள். உங்கள் பெற்றோருக்கு மிகவும் பிடிக்கப்போவது இந்த நாள்தான் என்று நினைக்கிறேன். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஹெலன்ஸ்பர்க். மரங்களுக்கு நடுவே திடீரென்று நம்மூர்க் கோபுரம் தெரியும். 1985-ல் குடமுழுக்கு நடந்த வெங்கடேஸ்வரர் கோயில். வாரக்கடைசியில் கோயில் உணவகத்தில் தோசை, பொங்கல் என்று சாப்பிடலாம். சாப்பிட்டுக் கிளம்பினால் சில நிமிடத்தில் பால்ட் ஹில் மேடு. பாராகிளைடரில் ஆட்கள் பறப்பதைப் பார்க்கலாம். 1894-ல் பறக்கும் முயற்சிகளின் முன்னோடி லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டி வடிவப் பட்டங்களைக் கட்டித் தன்னையே மேலே தூக்க வைத்தது இதன் அடிவாரக் கடற்கரையில்தான். அங்கிருந்து கடலோரமாக இறங்கும் சாலையில் சீ கிளிஃப் பாலம் வரும். மலையில் பாறை சரிந்துகொண்டே இருந்ததால் சாலையைக் கடலுக்கு மேலேயே தூண் நிறுத்தி 665 மீட்டருக்கு வளைத்துப் போட்டிருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். இந்திய உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் ஓட்டலாம், இங்கும் இடப்பக்கம்தான். ஆனால் வேகம், கைப்பேசி, சீட் பெல்ட் எல்லாவற்றுக்கும் கேமரா உண்டு, அபராதம் கடுமை. சுங்கச் சாலைகளில் பணம் வாங்க ஆளே இருக்க மாட்டார்கள், வண்டி எண்ணை வைத்துக் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு நாள் பரமட்டா ஆற்றுப் படகு. சர்க்குலர் கீயிலிருந்து பாலத்துக்கு அடியில் புகுந்து, பழைய கைதிச் சிறை இருந்த காக்கட்டூ தீவு, 2000 ஒலிம்பிக் நடந்த பகுதி எல்லாம் தாண்டி, ஒன்றரை மணி நேரத்தில் பரமட்டா. கடைசிப் பகுதியில் ஆறு ஒடுங்கி இருபக்கமும் அலையாத்திக் காடு. படகு மெல்லப் போகும், நாரைகள் நிற்கும். நீர் வற்றும் நேரத்தில் படகு கடைசித் துறைவரை போகாது, அதனால் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்கினால் ஹாரிஸ் பார்க் நடக்கிற தூரம், தெருமுழுக்க இந்திய உணவகங்கள். ஈழத்துச் சமையல் வேண்டுமென்றால் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வாருங்கள், இடியாப்பமும் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும். மாலையில் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பலாம். ஈழத் தமிழர்கள் முன்னின்று எழுப்பிய கோயில் அது.

பொண்டாய் கடற்கரையிலிருந்து குஜீ கடற்கரைவரை 6 கி.மீ. பாறையோர நடை அழகானதுதான், ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். பெற்றோரோடு என்றால் பொண்டாயை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்குவதற்கு, சென்ட்ரலுக்கும் டவுன் ஹாலுக்கும் நடுவே சமையலறை உள்ள அடுக்ககம் பாருங்கள். பரமட்டாவில் வாடகை குறையலாம், ஆனால் தினமும் போகவர ஒரு மணி நேரம் பெற்றோருக்கு அலுப்பு. விமான நிலைய ரயிலில் நிலையக் கட்டணம் மட்டும் பெரியவருக்கு 17 டாலருக்கு மேல், அது நாள் வரம்பில் சேராது. நாலு பேரும் பெட்டிகளுமாக வருவதால் டாக்சிக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பேருந்து, ரயில், படகில் பெரியவர்கள் தங்கள் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஏறும்போது தட்டியதையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். மகளுக்கு மட்டும் சிறுவருக்கான ஓபல் என்ற பயண அட்டை வாங்குங்கள், வங்கி அட்டையைத் தட்டினால் முழுக் கட்டணம் எடுத்துவிடும்.

வானிலையை நம்பாதீர்கள். வெயில் கொளுத்தும் மதியத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்பினால் சில நிமிடங்களில் பத்து டிகிரி இறங்கிவிடும். வெயில் உறைக்காத நாளிலும் புற ஊதாக் கதிர் கடுமை, எல்லோருக்கும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

விசாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 600 வகைப் பார்வையாளர் விசா எடுக்க வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பெட்டி கட்டும்போது அம்மாவிடம் தயவாகச் சொல்லிவிடுங்கள்: கறிவேப்பிலை, பழம், விதை, பால் இனிப்பு எதுவும் வேண்டாம். மற்ற உணவுப் பொருள் எது இருந்தாலும் விமானத்தில் தரும் படிவத்தில் உண்டு என்று குறியுங்கள். குறித்திருந்தால், ஆகாத பொருளை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால் அபராதம், விசாவையே ரத்து செய்யவும் அவர்களால் முடியும். பொடியும் ஊறுகாயும் இங்கே எங்கள் கடைகளில் தாராளமாக இருக்கின்றன.

புதன்கிழமை வந்து இறங்கும்படி டிக்கெட் போட்டால் மேலே சொன்ன வெள்ளியும் சனியும் சரியாக அமையும். தேதி உறுதியானதும் எழுதுங்கள். மேன்லிக்கும் பரமட்டாவுக்கும் எந்த நேரப் படகு வசதிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.