பதில்: ‘தம்பி எதற்காகச் செத்தான்?’

எட்டு மாதம் முன்பு போரில் தம்பியை இழந்தீர்கள். இரவெல்லாம் போர்ச் செய்திகளில் காரணம் தேடுகிறீர்கள். ‘நாட்டுக்காகப் போனான்’ என்று அம்மா சொன்னால் கோபம் வருகிறது என்கிறீர்கள். படிக்கவே மனம் கனக்கிறது.

அந்தப் போர் நியாயமா என்பது ஒரு கேள்வி. அவன் வாழ்வு யாருக்கு என்னவாக இருந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைக்காமலே இரண்டாவதற்குக் கிடைக்கும். செய்திகள் முதலாவதை மட்டுமே கிளறும். பகலில் அரை மணி நேரம் போதும், படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

அவனோடு களத்தில் இருந்தவர்களிடம் இப்போதே பேசுங்கள், நினைவு மங்கிவிடும். ‘எப்படி இறந்தான்’ என்று தொடங்கினால் வாயடைத்துப்போவார்கள். காலையில் யார் எழுப்புவார்கள், எதற்குச் சிரிப்பான், கடைசி ரொட்டியை யாரோடு பிய்த்துத் தின்றான் என்று கேளுங்கள். அனுமதியோடு பதிவுசெய்து, தேதி போட்டு, இரண்டு இடங்களில் வையுங்கள். அவன் கைபேசியில் எதையும் அழிக்க விடாதீர்கள்; குரல் அதில்தான் இருக்கிறது.

நாளுக்கு 15–20 நிமிடம், தொடர்ந்து 4 நாள், அவன் இழப்பைப் பற்றி மனதில் உள்ளதை எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதி முடித்ததும் நெஞ்சு கனக்கும், சில மணி நேரத்தில் இறங்கும். மறுநாளும் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

அம்மாவைத் திருத்தாதீர்கள். அந்தச் சொல்தான் அவரை நிற்கவைக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில், 6 மாதம் தாண்டியும் அன்றாட வாழ்வை முடக்கும் துயரம் ‘நீடித்த துயரக் கோளாறு’. அதற்கெனத் தனிச் சிகிச்சை உண்டு. தூக்கமும் வேலையும் குலைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.