ஐ.சி.யு.வில் முதல் மாதங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொது வார்டிலிருந்து ஐ.சி.யு.வுக்கு மாறி ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் நோர்அட்ரினலின் (இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) சிரிஞ்சு தீர்ந்து புதியதை மாற்றும்போது நோயாளியின் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிட்டது. சீனியர் அக்கா ஓடி வந்து சரிசெய்தார். நான் எங்கே தவறினேன்?
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அந்த மருந்து நின்றதும் அதன் வீரியம் சுமார் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். பழைய சிரிஞ்சைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதற்குள் அழுத்தம் சரிய அதுவே போதும். பலரும் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. புதிய சிரிஞ்சைப் பம்ப்பில் வைத்ததும், தள்ளும் பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நூலளவு இடுக்கு இருக்கும். அது மூடும்வரை பம்ப் ஓடுவதாகக் காட்டும், ஆனால் மருந்து போகாது. மணிக்கு நாலைந்து மில்லி ஓடும் பம்ப்பில் இதற்கே சில நிமிடம் பிடிக்கும்.

ஷிப்ட் தொடங்கியதும் சிரிஞ்சு எப்போது தீரும் என்று கணக்குப் போடுங்கள். 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்தால் ஒரு மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மில்லி. முழு சிரிஞ்சு 11 மணி நேரம் வரும். உங்கள் வார்டில் கலவை வேறாக இருக்கலாம், லேபிளைப் படித்துவிட்டே கணக்கு.

5 மில்லி மிச்சமிருக்கும்போதே புதிய சிரிஞ்சு தயாராக வேண்டும்: இன்னொரு தாதி சரிபார்த்து, இரண்டாவது பம்ப்பில் ஏற்றி, குழாயின் நுனியில் சொட்டு வரும்வரை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இப்படி ஓட்டிப் பார்ப்பதை நோயாளியோடு இணைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு இணைத்து, அதே வேகத்தில் தொடங்கி, அழுத்தம் ஏறத் தொடங்கியதும் பழையதை நிறுத்துங்கள். உங்கள் பிரிவின் விதிமுறை வேறு என்றால் அதையே பின்பற்றுங்கள். அந்த லைனில் மட்டும் எதையும் ஃபிளஷ் செய்யாதீர்கள், அதாவது வேறு திரவத்தைத் தள்ளி அலசாதீர்கள். குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் அழுத்தம் எகிறிவிடும்.

திரையில் காட்டும் எண் மெய்தானா என்பதையும் பாருங்கள். இரத்த அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் நாலாவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டு உயரத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் 7, 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். சராசரி அழுத்தம் 60 உள்ள நோயாளி 67 என்று தெரிவார், யாரும் பதற மாட்டார்கள். படுக்கையை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் சரிபாருங்கள்.

ஆறு வாரத்தில் இந்த மாற்றத்தை உங்களிடம் தனியாக விட்டது சரியில்லை. அடுத்த சில முறை சீனியர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: வென்டிலேட்டர் அலறினால் கை உதறுகிறது. முதலில் எதைத் தொடுவது?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நோயாளியின் மார்பை. இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா, ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் குரல் கொடுத்து ஆளைக் கூப்பிட்டு, இயந்திரத்தைக் கழற்றி, 15 லிட்டர் ஆக்ஸிஜனோடு ஆம்பு பேக்கால் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) மூச்சு கொடுங்கள். பை சுலபமாக அமுங்கி, மார்பும் எழும்பினால் கோளாறு பெரும்பாலும் இயந்திரத்திலோ குழாயில் தேங்கிய தண்ணீரிலோ இருக்கும். பை இறுகினால் சக்‌ஷன் கத்தீட்டரை (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) மூச்சு டியூபுக்குள் விட்டுப் பாருங்கள். அது இறங்கவில்லை என்றால் நோயாளி டியூபைக் கடிக்கிறார், அல்லது சளி அடைத்திருக்கிறது. இறங்கினால் உதட்டருகே உள்ள அளவுக்குறியைப் பாருங்கள். ஷிப்ட் மாறும்போது, பாஸ் ஓவரில் 22 என்று எழுதியது இப்போது 25 என்றால், டியூப் வலது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லாமல் இரத்த அழுத்தமும் விழுந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். அந்த நிமிடமே டாக்டர் வர வேண்டும்.

8ஆம் எண் டியூபுக்கு 12ஆம் எண் கத்தீட்டர். ஒரு முறைக்கு 15 வினாடிக்கு மேல் உறிஞ்ச வேண்டாம்.

கேள்வி: அதிகாலை மூன்று மணிக்கு டாக்டரை எழுப்பத் தயக்கமாக இருக்கிறது.
வாசகி, செந்தூல்

பதில்: எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். “படுக்கை 7, நிமோனியா, 60 கிலோ. இரண்டு மணி நேரமாகச் சிறுநீர் மணிக்கு 15 மில்லிதான். நோர்அட்ரினலின் 0.1இலிருந்து 0.2 ஆகிவிட்டது. நேரில் வந்து பார்க்க வேண்டும்.” 60 கிலோவுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும் என்பதால் இது தயங்குகிற விஷயமே இல்லை. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: டியூப் போட்ட தமிழ்ப் பாட்டி ஒருவர் ஓயாமல் கையை இழுக்கிறார். கட்டிவைக்க மனம் வரவில்லை.
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்: வலி, மூச்சுத் திணறல், மடங்கிய சிறுநீர்க் குழாய், வறண்ட வாய். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டில் கிடந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மகளிடம் கேட்டு, அப்படியே கூப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி: “வலிக்குதாம்மா? ஆமான்னா என் கையை அழுத்துங்க.”

ஓர் அட்டையில் ‘வலிக்குது’, ‘மூச்சு முட்டுது’, ‘தாகம்’, ‘திரும்பிப் படுக்கணும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் படமும் வரையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் உண்டு. ஒவ்வொரு வரிக்குக் கீழும் மலாயில் எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வரும் தாதிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.