கீழே தட்டுகிற டர்போ இன்ஜின்: கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது?

கேள்வி: என்னிடம் பழைய 2 லிட்டர் டர்போ கார் இருக்கிறது. ஆயில் குடிக்கிறது, கொஞ்ச நாளாக அடியிலிருந்து தட்டுகிற சத்தமும் வருகிறது. இன்ஜினை இறக்கி முழுசாகச் செய்ய நினைக்கிறேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்), பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு) எல்லாம் பார்த்து வைத்துவிட்டேன், ஆனால் அவற்றை வாங்கினால் லேத் வேலைக்குப் பணம் மிஞ்சாது. எதை முதலில் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். அடியில் தட்டுவது பெரும்பாலும், பிஸ்டனை கிராங்க்கோடு (அடியில் சுழலும் முக்கியத் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்தான். அது தேய்ந்த பிறகு ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கிராங்க் கீறுபடும். இன்று பாலிஷோடு முடிகிற வேலை, நாளை கிராங்க்கை அரைத்து அண்டர்சைஸ் பேரிங் (அரைத்து மெலிந்த கிராங்க்குக்கு ஏற்றது) போடுகிற வேலையாகிவிடும்.

இறக்குவதற்கு முன்னால் லீக்டவுன் டெஸ்ட் பாருங்கள், அதற்கு இன்ஜின் ஓடவே வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும், வால்வுகள் மூடியிருக்கும் கம்ப்ரஷன் நிலையில் மேல் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி, அது எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடிக்குள் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) அல்லது விரிசல். ரிங் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்தால் வால்வு சீலையும் டர்போவின் சீலையும் சந்தேகப்படுங்கள்.

பிஸ்டனை ஏன் இப்போது வாங்கக் கூடாது என்றால், சிலிண்டரை அளக்காமல் எந்த சைஸ் வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹோனிங்கோடு (உள்சுவரை லேசாகத் தேய்ப்பது) தப்பிக்குமா, 0.25 அல்லது 0.5 மி.மீ. ஓவர்சைஸுக்கு போர் அடிக்க (கடைந்து பெரிதாக்க) வேண்டுமா என்பது போர் கேஜ் (உள்விட்டத்தை அளக்கும் கருவி) வைத்த பிறகுதான் தெரியும். ஸ்டாண்டர்டு சைஸில் ஆசையாக வாங்கி வைத்து, அப்புறம் போர் அடிக்கும்படி ஆனால் அத்தனை பணமும் பெட்டிக்குள் முடங்கிவிடும். கம்பெனி கொடுத்த பூஸ்ட்டிலேயே (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் தேவையே இல்லை, கேம்ஷாஃப்ட்டை அடுத்த வருடம்கூட மாற்றிக்கொள்ளலாம்.

பணம் போக வேண்டிய இடம் அடிப்பகுதி. நல்ல பேரிங் செட், புது ராடு போல்ட், ஹெட் கேஸ்கெட், இழுபடும் வகை ஹெட் போல்ட் என்றால் அதுவும் புதுசு (ஒரு முறை இழுபட்டதைத் திரும்பப் போடக் கூடாது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமப்படுத்துவது), விரிசல் சோதனை, ஆயில் பம்ப். ஆயில் கூலரையும் மாற்றியே ஆக வேண்டும். பேரிங் போன இன்ஜினில் உலோகத் துகள் கூலரின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், கழுவினாலும் முழுசாக வராது, மிச்சம் இருப்பது புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். இத்தனை செலவும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம், உங்கள் இன்ஜினுக்கென்றே இருக்கும் பலவீனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நிசான் ஆர்பி26-ன் ஆரம்பகால கிராங்க்கில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பகுதி குறுகலானது, அதிக ஆர்பிஎம்மில் பம்ப் கியரே உடையும். மிட்சுபிஷி 4ஜி63-ல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டில் சிக்கி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் பணம்தான் இன்ஜினைக் காப்பாற்றும்.

மிச்சம் பிடிப்பது உங்கள் கை உழைப்பில். பிரிப்பது, கழுவுவது, வால்வு லேப்பிங் (வால்வை அதன் இருக்கையோடு தேய்த்துப் படியவைப்பது) எல்லாம் நீங்களே செய்யலாம். பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்புகளை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள், அந்தந்த இடத்தில் பூட்டி வைத்துக் கடைந்தவை அவை. ஹோனிங் முடிந்ததும் சிலிண்டரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து நீங்களே பார்க்கலாம். 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதி) சுமார் 0.05 மி.மீ. என்பது பொதுக் கணக்கு, உங்கள் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு.

கேள்வி: புது ரிங் வாங்கினேன். பெட்டியில் இருப்பதை அப்படியே போடலாமா, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் அளக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சிலிண்டரிலும் தனித்தனியாக. ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் பாருங்கள். டர்போ இன்ஜினில் மேல் ரிங்குக்கு போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 0.005-ஆல் பெருக்குவது வழக்கம், 86 மி.மீ. போருக்கு 0.43 மி.மீ. வரும். ரிங் தயாரித்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டமில்லை. குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, பிஸ்டனின் ரிங் லேண்டையே (ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள பகுதி) உடைத்துவிடும்.

கேள்வி: பூட்டி முடித்தாயிற்று. முதல் ஸ்டார்ட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஃப்யூலைத் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறுகிற வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிரஷர் வரவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஓடத் தொடங்கியதும் ஆயில், தண்ணீர் கசிவு பார்த்து, சூடு ஏறிய பிறகு ரோட்டில் இறக்கி மிதமான லோடு கொடுத்து, ஆக்சிலரேட்டரை விட்டு, திரும்பக் கொடுத்து ஓட்டுங்கள். ரிங் சிலிண்டரோடு படிவது லோடில்தான், மணிக்கணக்காக ஐடிலில் விட்டால் படியாது. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டி உள்ளே பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருக்கலாம். மினுமினுக்கும் துண்டுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டை (ஆயில் பேன்) கழற்றுங்கள்.