காட்டுக்கு வெளியே நடக்கும் அழிவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாறு கழுகுகள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் சிறு வயதில் செத்த மாட்டை ஊர் எல்லையில் போட்டுவிட்டு வந்தால், பாறுகள் கூட்டமாக வந்து தின்றுவிட்டு, மறுநாள் எலும்புதான் கிடக்கும். என் பேரனுக்குப் பாறு என்ற பறவையைப் படத்தில்தான் காட்ட முடிகிறது.

எனக்குப் புரியாத ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சரணாலயங்கள் இருக்கின்றன, புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன, வேட்டையாடினால் சிறை. எங்கள் பகுதியில் முயல் பிடிக்கக்கூட இப்போது அஞ்சுகிறார்கள். அப்படியிருந்தும் உயிரினங்கள் ஏன் அழிந்துகொண்டே இருக்கின்றன? சட்டத்தில் ஓட்டையா, அதிகாரிகளின் அலட்சியமா?

இன்னொன்றையும் மனம் விட்டுக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லாத ஊர்கள் இருக்கும்போது ஒரு பறவைக்காகக் கோடிக்கணக்கில் செலவிடுவது நியாயமா? என் மைத்துனர் சத்தியமங்கலம் காட்டோரம் மாடு வைத்திருக்கிறார். சிறுத்தை கன்றைக் கொன்றால் அவருடைய இழப்பை யார் நினைக்கிறார்கள்? என்னைப் போன்றவர்கள் இதில் செய்ய என்னதான் இருக்கிறது?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

சட்டத்தில் ஓட்டை என்று நான் சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டுச் சட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அதைப் பெருமளவு செய்திருக்கிறது. புலியைப் பாருங்கள். 1973இல் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. நடுவில் பெரிய சறுக்கலும் நேர்ந்தது. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1411 புலிகள் என்று மதிப்பிட்டார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அது 3682. இந்த எண்களுக்குப் பின்னால் மழையிலும் இருட்டிலும் காட்டுக்குள் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் போதுமான அளவுக்குப் பேசியதே இல்லை.

அந்தச் சட்டத்துக்கு ஒரு பகைவன் கண்முன் இருந்தான். துப்பாக்கியோ சுருக்குக் கம்பியோ எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைபவன் அவன். அவனைப் பிடித்துவிடலாம். பாறுகளைக் கொன்றவர்களோ காட்டுக்குள் காலே வைக்கவில்லை. தாங்கள் எதையோ கொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்று அழியும் நிலையில் இருக்கும் பல உயிர்களின் கதை இதுதான். யாரும் அவற்றைப் பகைக்கவில்லை. நம் அன்றாட ஏற்பாடுகளில் சிக்கிச் சாகின்றன.

நீங்கள் சிறு வயதில் பார்த்த கூட்டம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி தொண்ணூறுகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. மடிவீக்கம், காய்ச்சல், கால்வலி என்று எதற்கும் மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். மாடு வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் அதைப் போட்டார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து சில நாட்களில் செத்துப்போகும். ஒரு சடலத்தைச் சுற்றிப் பத்துப் பாறுகளா உட்காருகின்றன? ஐம்பது, அறுபது வந்து இறங்கும். அதனால்தான் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் இந்த மருந்து இருந்தாலே கூட்டம் முழுவதும் சரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 அழிந்தன. அந்தப் பறவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணைசேர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். பதினைந்து ஆண்டுகளில் இழந்ததை மீட்க எத்தனை தலைமுறை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் உணவுண்ண வந்துகொண்டிருந்த இணையும் தொண்ணூறுகளுக்குப் பிறகு வரவில்லை. அது வேறு வகை, மஞ்சள்முகப் பாறு. அந்த வகையும் நாடெங்கும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நோயாக இருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மருந்துதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் நிறுவியது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. அதோடு முடியவில்லை. மனிதர்களுக்கான மருந்து பெரிய குப்பியில் விற்கப்பட்டது, அதை மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியின் அளவை 3 மில்லி என்று குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அரசின் முடிவை உறுதிசெய்தது. அடுத்து, அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிநிவாரணி மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று தெரிந்தது. கீட்டோபுரோஃபென் என்ற மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தது. இந்த இரண்டையும் கால்நடைகளுக்குத் தடைசெய்ய 2023 வரை ஆனது. நிமசுலைடுக்குத் தடை 2024 இறுதியில் வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு மருந்துகள்! இந்தத் தாமதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மாற்று இல்லாமலும் இல்லை. மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று 2006இலேயே தெரியும்.

இந்த வேலையெல்லாம் எங்கே நடந்தது என்று பாருங்கள். ஆய்வகத்தில், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், நீதிமன்றத்தில், மருந்துக் கடையில். வனத்துறைக்கு அங்கெல்லாம் அதிகாரமே கிடையாது. ஒரு நாடு தன் உயிரினங்களைக் காப்பாற்றுகிறதா என்பதை அதன் சரணாலயங்களின் பரப்பை வைத்து அளக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். வேளாண்மை, மின்சாரம், மீன்வளம், மருந்து ஆகிய துறைகளில் முடிவெடுப்பவர்கள் அந்த உயிர்களையும் கணக்கில் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வறண்ட புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயிலையும் அப்படித்தான் பார்க்கிறேன். நாட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். இன்று அதைக் கொல்வது உயரழுத்த மின்கம்பி. அந்தப் பறவைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. உடல் கனம் அதிகம், சட்டென்று திரும்ப முடியாது. கம்பியில் மோதி விழுகிறது. அதே பாலைவனத்தில்தான் சூரிய மின் நிலையங்கள் வருகின்றன. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுசெல்ல உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 150 பறவைகள் வாழும் நிலத்தைத் தவிர வேறு வழியாகக் கம்பி இழுக்கப் பாலைவனத்தில் இடமில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். வழித்தடத்தை வரையும்போதே பறவையை நினைத்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

கடலிலும் இதே நிலைதான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். முட்டையிட ஆமைகள் கூடும் பருவத்தில், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வரக்கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடியும். ஆமை வெளியேறும் அமைப்பை வலையில் பொருத்தினால் மீனும் போய்விடும் என்கிறார்கள் மீனவர்கள். அந்த இழப்பை ஈடுகட்டாமல் அவர்களைக் குற்றவாளிகளாக்குவது முறையல்ல. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு அரசு பாராட்டும் ஊக்கத்தொகையும் தருகிறது. நான் விரும்பும் பாதுகாப்பு இந்த வகைதான். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினருக்கு 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை கிடைத்ததையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். காட்டோடு வாழ்பவர்களை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காப்பது எனக்கு உடன்பாடானதல்ல.

செலவு நியாயமா என்று கேட்டீர்கள். ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாறுகள் மறைந்ததால் சடலங்கள் அழுகிக் கிடந்தன, நீர் கெட்டது, நாய்களும் வெறிநாய்க்கடியும் பெருகின. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் இதனால் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிடுகிறார்கள். பள்ளிக்குக் கட்டடம் கட்டும் பணத்தைப் பாறு தின்றுவிடவில்லை, ஐயா. அது இலவசமாகச் செய்துவந்த வேலையை இழந்த பிறகுதான் நாம் செலவழிக்கிறோம்.

ஆனால் என் வாதத்தை இந்தக் கணக்கின் மேல் மட்டும் நிறுத்த எனக்கு மனமில்லை. கானமயிலால் மனிதருக்கு ஒரு பைசா பயனுமில்லை என்று நாளை ஒருவர் நிறுவிவிடலாம். அப்போதும் அது வாழத்தான் வேண்டும் என்பேன். நமக்கு முன்பிருந்தே இந்த நிலத்தில் இருக்கும் ஓர் உயிர் தன் இருப்புக்கு நம்மிடம் சான்று காட்ட வேண்டியதில்லை.

உங்கள் மைத்துனரின் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கன்றை இழந்தவருக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. ஆனால் விண்ணப்பம், சான்று, கையொப்பம் என்று அலைந்து அது கைக்கு வர நாளாகிறது. ஆத்திரத்தில் சிலர் எஞ்சிய சடலத்தில் பூச்சிக்கொல்லியைத் தெளித்துவிடுகிறார்கள். புலிக்கோ சிறுத்தைக்கோ வைத்த நஞ்சு அது. இறங்கித் தின்னும் பாறுகளும் கூட்டமாக மடிகின்றன. தமிழகத்தில் பாறுகள் இன்னும் கூடு கட்டும் முக்கிய இடம் உங்களுக்கு அருகில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அங்கே இழப்பீடு காலதாமதமின்றிக் கிடைப்பது பாறுகளைக் காக்கும் வேலையின் ஒரு பகுதி.

நீங்கள் வங்கியில் இருந்தவர். விண்ணப்பம் எழுதவும், எந்த மேசையில் தாள் நின்றிருக்கிறது என்று கேட்டு அறியவும் உங்களுக்குத் தெரியும். காட்டோரத்தில் மாடு வைத்திருப்பவர்களில் பலருக்கு அது தெரியாது. மாதத்தில் ஒருநாள் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்கு அந்த விண்ணப்பங்களை எழுதிக்கொடுங்கள். அப்படியே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நிமசுலைடு என்ற நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மாட்டுக்கொட்டிலில் ஒட்டச் சொல்லுங்கள். மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் இந்த நான்கும் வேண்டாம், மெலாக்சிகாம் போடுங்கள் என்று சொன்னால் போதும். அருளகம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக அந்தப் பகுதியில் இதைத்தான் வீடுவீடாகவும் கடைகடையாகவும் சொல்லிவருகின்றன. அவர்களோடு சேர்ந்தும் செய்யலாம்.

அன்புடன்.